தோற்றது அணி... கூண்டில் நிற்பது ஒருவர்!

2022 டிசம்பர் 31. அமெரிக்காவின் அட்லாண்டா நகரம், மெர்சிடிஸ் பென்ஸ் அரங்கம். புத்தாண்டு பிறக்க இன்னும் சில விநாடிகள்தான். நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் மின்னும் பந்து கீழே இறங்குவதைக் கூட்டம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. அட்லாண்டாவிலும் அண்ணாந்துதான் பார்த்தார்கள். இங்கே வேறொரு பந்து.

ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் உதைப்பாளர் நோவா ரகிள்ஸ் 50 யார்டு தூரத்திலிருந்து பந்தை உதைத்தார். இரண்டு கம்பங்களுக்கு நடுவே போனால் மூன்று புள்ளிகள். தேசியப் பட்டத்துக்கான அரையிறுதி ஒஹாயோவுக்கு. போகாவிட்டால் ஜார்ஜியாவுக்கு.

காலை விட்டுக் கிளம்பியதுமே பந்து இடப்பக்கம் வளைந்தது. வளைந்துகொண்டே போனது. மணி பன்னிரண்டு அடித்தது. ஜார்ஜியா 42, ஒஹாயோ 41.

ஒரே ஒரு புள்ளி. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் இப்படி ஒரு தோல்வி வந்தால் மறுநாள் காலை முதல் வேலையாகத் தேடப்படுகிறவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் ஒவ்வோர் ஆண்டும் மாறும், பதவி மாறாது. குவார்ட்டர்பேக்! அணி ஜெயித்தால் அவர் ஊருக்கே செல்லப்பிள்ளை. தோற்றால் அவர் வீசிய கடைசிப் பந்தை நிறுத்தி நிறுத்திப் போட்டுப் பார்த்து, தீர்ப்பு எழுதி முடித்துவிடுவார்கள். ஒஹாயோ தலைநகர் கொலம்பஸில் 2022 முதல் 2024 வரை அடுத்தடுத்து மூன்று இளைஞர்கள் அந்தக் கூண்டில் ஏறினார்கள். மூவரின் கதையையும் சேர்த்துப் படித்தால்தான் அந்தத் தீர்ப்புகள் எவ்வளவு அவசரமானவை என்பது புரியும்.

■ ஆட்டம் இதுதான்

நம் ஊரில் கால்பந்து என்று சொல்வதற்கும் இதற்கும் தொடர்பு குறைவு. அணிக்கு 11 பேர், முட்டை வடிவப் பந்து. நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள். எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளிகள். அதன் பிறகு பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் கூடுதலாக ஒன்று. டச்டவுன் கிடைக்காதபோது தூரத்திலிருந்து உதைத்து எடுப்பது ஃபீல்டு கோல், 3 புள்ளிகள். ஏறத்தாழ ஒவ்வொரு தாக்குதலும் குவார்ட்டர்பேக்கின் கையில்தான் தொடங்கும். யாருக்கு வீசுவது, எப்போது வீசுவது, வீசாமல் ஓடுவதா என்று அவர் முடிவெடுக்கக் கிடைப்பது இரண்டு மூன்று விநாடிகள். அதற்குள் அவரைத் தரையில் சாய்க்க எதிரணி பாய்ந்து வரும்.

'ஓட மாட்டார்' என்று பெயர் எடுத்தவர்

அட்லாண்டாவில் தோற்ற இரவில் ஒஹாயோவின் குவார்ட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரவுட். வயது 21. கல்லூரி ஃபுட்பாலின் மிகப் பெரிய தனிநபர் விருதான ஹைஸ்மன் கோப்பைக்கு இரண்டு முறை இறுதிப் பட்டியலில் இடம்பிடித்தவர். ஆனால், மிச்சிகனை அவர் வென்றதில்லை. 2021-ல் 42-27, 2022-ல் 45-23 என இரண்டு ஆண்டும் தோல்வி.

மிச்சிகன் என்றால் கொலம்பஸில் என்ன அர்த்தம் என்பதை ஒரு காட்சியில் சொல்லிவிடலாம். இரு அணிகளும் மோதும் வாரத்தில் பல்கலைக்கழக வளாகத்தின் பெயர்ப் பலகைகளில் 'எம்' எழுத்து வருகிற இடத்திலெல்லாம் சிவப்பு நாடாவால் பெருக்கல் குறி போட்டு மறைப்பார்கள். எதிரியின் பெயர் அந்த எழுத்தில் தொடங்குகிறது. அவ்வளவுதான் காரணம். மிச்சிகன் என்று பெயர் சொல்லக்கூட மனமில்லாமல் 'வடக்கே இருக்கிற அந்த டீம்' என்பவர்களும் உண்டு. 1897-ல் தொடங்கிய பகை இது. வருடம் முழுக்க ஜெயித்து அந்த ஓர் ஆட்டத்தில் தோற்றால் வருடமே தோற்றதாகக் கணக்கு.

ஸ்ட்ரவுட் மீது ரசிகர்கள் வைத்த பெரிய குற்றச்சாட்டு, 'பந்தை வீசுவார், ஆனால் ஓட மாட்டார்' என்பது. முன்னால் வெட்டவெளியாக இடம் கிடந்தாலும் கால் எடுத்து வைக்காமல் வீசுவதற்கே ஆள் தேடுகிறார் என்றார்கள். அதில் உண்மை இருந்தது. அட்லாண்டாவில் அவர் ஓடினார். நெருக்கியவர்களிடமிருந்து நழுவினார், பக்கவாட்டில் ஓடிக்கொண்டே வீசினார். 34 வீச்சில் 23 சரியாகப் போய்ச் சேர்ந்தன. 348 யார்டு, 4 டச்டவுன், எதிரணி கையில் ஒரு பந்துகூடச் சிக்கவில்லை. அந்தப் பருவத்தில் யாராலும் வெல்ல முடியாத, தற்காப்புக்குப் பெயர்போன ஜார்ஜியாவுக்கு எதிராக!

கடைசிக் கால் பகுதி தொடங்கும்போது ஒஹாயோ 38-24 என முன்னிலை. பிறகு எப்படித் தோற்றது? அந்த ஆட்டத்தை மீண்டும் மீண்டும் அலசிய ரசிகர்கள் சுற்றிச் சுற்றி வந்து நிற்கும் இடங்கள் சில உண்டு.

மூன்றாம் பகுதியின் முடிவில், அணியின் தலைசிறந்த பந்துபிடிப்பாளரான மார்வின் ஹாரிசன் ஜூனியர், எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைப் பிடிக்கப் போன இடத்தில் மோதப்பட்டு விழுந்தார். தலையில் அதிர்ச்சி, அதன் பிறகு களத்துக்குத் திரும்பவே இல்லை. 'தலையைக் குறிவைத்த மோதல்' என்று நடுவர் முதலில் தண்டனைக் கொடி வீசினார். காணொளியைப் பார்த்துவிட்டுத் தீர்ப்பை மாற்றினார்கள். கொடி நின்றிருந்தால் எல்லைக்கோட்டின் வாசலில் ஒஹாயோவுக்குப் புதிதாக நான்கு முயற்சிகள் கிடைத்திருக்கும். கிடைத்ததோ ஒரு ஃபீல்டு கோல், 3 புள்ளிகள். தோல்வி வித்தியாசம் ஒரு புள்ளி என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் பகுதியில் பந்தை உதைத்துவிடப் போவதாகப் போக்குக் காட்டி, உதைக்காமலே ஓடினார்கள் ஒஹாயோ வீரர்கள். தந்திரம் பலித்தது, தேவையான தூரம் கிடைத்தது. ஆனால் பந்து நகர்வதற்கு ஒரு நொடி முன்னால் ஜார்ஜியா பயிற்சியாளர் கர்பி ஸ்மார்ட் 'டைம் அவுட்' கேட்டிருந்தார். அந்த ஓட்டம் செல்லாது! சற்று நேரத்தில் ஜார்ஜியாவின் குவார்ட்டர்பேக் ஸ்டெட்சன் பெனட் வீசிய நீளமான பந்தில், காவல் நின்ற ஒஹாயோ வீரர் கால் இடறி விழ, 76 யார்டு டச்டவுன்.

ஆட்டம் முடிய 54 விநாடிகள் இருக்கும்போது ஜார்ஜியா 42-41 என முந்தியது. பந்து ஸ்ட்ரவுட் கைக்கு வந்தது. அணியை முன்னே கொண்டுவந்தார். எந்தக் கால்களை ஊரே குறை சொன்னதோ, அந்தக் கால்களால் 27 யார்டு ஓடி, பந்தை ஜார்ஜியாவின் 31 யார்டு கோட்டில் கொண்டுபோய் வைத்தார்.

அடுத்து வந்தது, இன்றுவரை ஒஹாயோ ரசிகர்கள் ஆறாமல் பேசும் முடிவு. பந்தை வேறொருவரிடம் கொடுத்து நடுவில் ஓடவிட்டார்கள். ஒரு யார்டு பின்வாங்கியது. அடுத்த இரண்டு வீச்சும் வீண். இன்னும் பத்து யார்டு கிடைத்திருந்தால் ரகிள்ஸின் உதை 40 யார்டாகக் குறைந்திருக்கும். அந்த இரண்டு வீச்சுகளில் ஸ்ட்ரவுட்டுக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கொடி, காயம், டைம் அவுட், இடறிய கால், நடுவில் ஓடவிட்ட முடிவு, விலகிய உதை என ஆறு இடங்களில் எது ஒன்று வேறு மாதிரி நடந்திருந்தாலும் ஆட்டம் ஒஹாயோவுக்கு. அந்த ஆறில் ஒன்றுகூட அவர் கையில் இல்லை.

மிச்சிகனை வெல்லாதவர், பட்டம் எதுவும் வாங்காதவர் என்ற பெயரோடு அவர் கல்லூரியை விட்டுப் போனார். தொழில்முறை அணிகளில் ஒன்றான ஹியூஸ்டன் டெக்சன்ஸ் அவரை இரண்டாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. முதல் ஆண்டிலேயே 4,108 யார்டு வீசி, அந்த ஆண்டின் சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரர் விருதை வாங்கினார்.

பன்னிரண்டில் பதினொன்று வென்றும் வெளியேறியவர்

ஸ்ட்ரவுட்டின் இடத்துக்கு வந்தவர் கைல் மெக்கார்டு. 2023-ல் அவர் தலைமையில் ஒஹாயோ 11 ஆட்டங்களை வரிசையாக வென்றது. பன்னிரண்டாவது ஆட்டம், மிச்சிகனின் சொந்த மண்ணான ஆன் ஆர்பரில்.

30-24 என்று பின்தங்கிய நிலையில், கடைசி ஒரு நிமிடத்தில் பந்து மெக்கார்டிடம். ஒரு டச்டவுனும் ஓர் உதையும் போதும். எதிரணியின் பாதிக்குள் நுழைந்துவிட்டார். ஹாரிசன் ஜூனியரை நோக்கி வீசக் கையை ஓங்கிய நேரத்தில் மிச்சிகன் வீரர் ஒருவர் வந்து மோதினார். பந்து தளர்ந்து மிதந்தது. மிச்சிகனின் ராட் மூர் பாய்ந்து பிடித்தார். முடிந்தது.

அந்தக் காட்சியை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் வீசும் கையோடு மோதல் சேர்ந்து வருவது தெரியும். தடுப்பு வரிசை அரை விநாடி கூடத் தாங்கியிருந்தால் அந்தப் பந்தின் பாதையே வேறு. ஆனால் அரை விநாடிக்கு யார் வழக்காடுவார்கள்? 'பெரிய ஆட்டத்துக்கு ஆகாத ஆள்' என்று ஊர் முடிவு கட்டியது.

ஆட்டம் நடந்தது நவம்பர் 25. டிசம்பர் 4-ம் தேதி, கல்லூரி மாறுவதற்கான பட்டியலில் மெக்கார்டின் பெயர் வந்துவிட்டது. இடையில் ஒன்பது நாள்கள்! பன்னிரண்டில் பதினொன்று வென்ற 21 வயதுப் பையன் மூட்டை கட்டினான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். அவர் இல்லாமல் டிசம்பர் 29-ல் காட்டன் பவுல் ஆட்டத்தில் மிசூரியைச் சந்தித்தது ஒஹாயோ. ஆட்டத்தைத் தொடங்கிய குவார்ட்டர்பேக் காயப்பட்டார். அடுத்து வந்தவர் முதலாண்டு மாணவர். 60 நிமிடங்களில் ஒரு டச்டவுன்கூட இல்லை. 14-3 என்று தோல்வி. மெக்கார்டோ சிராக்யூஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய், 2024 பருவத்தில் 4,779 யார்டு வீசினார். அந்த ஆண்டு அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் உச்சப் பிரிவு அணிகளில் அதைவிட அதிகம் வீசியவர் எவரும் இல்லை. பல ஆண்டுகளாகச் சரிவில் இருந்த சிராக்யூஸ் அணி அவரோடு பத்து ஆட்டங்களை வென்றது.

ரசிகர்களின் அலசலுக்கு விளைவு உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அணியைத் தேர்வு செய்வது பயிற்சியாளர்தான். ஆனால் அவருடைய நாற்காலியும் அதே ரசிகர்களின் கோபத்துக்கு நடுவில்தான் கிடக்கிறது.

■ ஏன் இவ்வளவு சீக்கிரம் மாறுகிறார்கள்?

முன்பெல்லாம் கல்லூரி மாறினால் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும். 2021-ல், முதல் முறை மாறுபவர்களுக்கு அந்தக் கட்டாயம் நீங்கியது. 2024-ல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றானது. தன் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கும் உரிமை மாணவருக்கு 2021 ஜூலை 1 முதல் கிடைத்தது. 2024 பருவத்தில் ஒஹாயோ வீரர்களுக்கு இந்த வழியில் போன தொகை சுமார் 2 கோடி டாலர் என்று அந்தப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு இயக்குநரே சொன்னார்.

ஆறு விநாடியும் பன்னிரண்டாவது ஆளும்

மூன்றாமவர் வில் ஹோவர்டு. கன்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்திலிருந்து மெக்கார்டின் இடத்துக்கு அழைத்து வரப்பட்டவர். 2024 அக்டோபர் 12, ஒரிகான் மாநிலத்தின் யூஜீன் நகரம். ஒஹாயோ 31, ஒரிகான் 32. மீண்டும் ஒரு புள்ளி.

கடைசித் தாக்குதலில் ஹோவர்டுக்கு மிச்சம் இருந்தது ஆறு விநாடிகள். வீச ஆள் கிடைக்காமல் முன்னால் ஓடி, தரையில் சறுக்கி உட்கார்ந்தார். எழுந்து பார்த்தால் கடிகாரத்தில் பூஜ்ஜியம்! ஃபீல்டு கோல் உதைக்க நேரமில்லை. 'மணியைப் பார்க்கத் தெரியாதவரா குவார்ட்டர்பேக்?' என்ற கேள்வி அன்றிரவே கிளம்பிவிட்டது. 35 வீச்சில் 28-ஐச் சரியாகச் சேர்த்து 326 யார்டு எடுத்திருந்தார் என்பது பேச்சில் காணாமல் போனது.

ஆனால், அந்த ஆறு விநாடி எப்படி ஆறானது? அதற்கு முந்தைய முயற்சியின்போது கடிகாரத்தில் பத்து விநாடிகள் இருந்தன. ஒரிகான் களத்தில் நின்றவர்கள் 11 அல்ல, 12 பேர். ஓர் ஆள் அதிகம் என்பதால் வீச்சு பலிக்கவில்லை. தண்டனையாக ஒஹாயோவுக்கு ஐந்து யார்டு கிடைத்தது. ஓடிய நான்கு விநாடிகள் திரும்பக் கிடைக்கவில்லை. விதியில் அப்படியொரு ஓட்டை. இந்த ஓட்டையை ஊருக்கே உரக்கச் சொன்னவர்களில் ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்த ரசிகர்களும் உண்டு. சில நாள்களிலேயே கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ., இப்படி நடந்தால் நேரத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்று விதிக்கு விளக்கம் வெளியிட்டது.

ரசிகர்களின் அலசலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஓர் ஆட்டத்தை இவ்வளவு அன்போடு, இவ்வளவு கூர்மையாகப் படிக்கிற கூட்டம் வேறெங்கும் அரிது. அந்தக் கூர்மை விதியின் ஓட்டையைக் கண்டுபிடிக்கிறது. அதே கூர்மை ஒரே ஆள் மீது திரும்பும்போதுதான் ரத்தம் வருகிறது.

அன்றிரவே திறந்த இன்னொரு கதவு

அட்லாண்டாவில் ரகிள்ஸின் உதை விலகிய அதே நள்ளிரவு, 2023 ஜனவரி 1 பிறந்த நொடி, ஒஹாயோ மாநிலத்தில் விளையாட்டின் மீது பணம் கட்டுவது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. கைபேசியில் விரல் வைத்தால் போதும். எந்த அணி ஜெயிக்கும் என்பதில் மட்டுமல்ல, இந்தப் பையன் எத்தனை யார்டு வீசுவான், எத்தனை டச்டவுன் போடுவான் என்பதிலும் பணம் கட்டலாம் என்றானது.

விளைவு வர மாதக்கணக்கு ஆகவில்லை. அந்த ஜனவரியிலேயே, ஒஹாயோவின் டேட்டன் பல்கலைக்கழகக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஆன்டனி கிராண்ட், ஒரு தோல்விக்குப் பிறகு தன் மாணவர்களுக்கு வந்த வெறுப்புச் செய்திகளைப் பற்றிச் செய்தியாளர்கள் முன் வெளிப்படையாகப் பேசினார். பணம் இழந்தவர்களின் ஆத்திரம் மாணவர்களின் கைபேசிக்கே நேராகப் போய் விழுந்தது. 2024 மார்ச்சில், கல்லூரி வீரர் ஒருவரின் தனிப்பட்ட ஆட்டத்தின் மீது பணம் கட்டுவதை ஒஹாயோ தடை செய்தது. நல்ல முடிவு. எல்லா மாநிலங்களிலும் வர வேண்டிய முடிவு.

கூண்டில் நிற்பவர்களுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஒஹாயோ அறியாமல் இல்லை. இந்த அணியின் ஹாரி மில்லர், 2022 மார்ச்சில் ஃபுட்பாலை விட்டு விலகியபோது, தனக்குத் தற்கொலை எண்ணம் இருந்ததையும், பயிற்சியாளர் ரயன் டேயிடம் அதைச் சொல்லி உதவி பெற்றதையும் உலகறிய எழுதினார். படிப்பிலும் முன்னணியில் நின்ற மாணவர் அவர். நாடே அந்தக் கடிதத்தைப் படித்துக் கலங்கியது. அதற்குப் பிறகுதான் மேலே சொன்ன மூன்று விசாரணைகளும் நடந்தன.

13-10

2024 நவம்பர் 30. கொலம்பஸ் அரங்கம் லட்சம் பேருக்கு மேல் கொள்ளும், நிறைந்திருந்தது. அந்த ஆண்டு ஐந்து தோல்விகளோடு தடுமாறி வந்த மிச்சிகனை ஒஹாயோ ஊதித் தள்ளிவிடும் என்றே எல்லோரும் நம்பினார்கள். மிச்சிகனின் குவார்ட்டர்பேக் அன்று வீசியது மொத்தம் 62 யார்டுதான். அப்படியும் மிச்சிகன் வென்றது, 13-10. தொடர்ந்து நான்காவது ஆண்டு.

ஹோவர்டின் இரண்டு பந்துகள் எதிரணி கையில் சிக்கின. அந்தத் தவறு அவருடையது. ஒஹாயோ உதைப்பாளர் ஜேடன் ஃபீல்டிங்கின் இரண்டு ஃபீல்டு கோல் முயற்சிகள் விலகின. ஆறு புள்ளிகள் அங்கே போயின. மிச்சிகன் நடுவில் சுவர்போல் நின்றது தெரிந்தும் அந்தச் சுவரிலேயே போய் முட்டிக்கொண்டிருந்தது பயிற்சியாளர்களின் முடிவு. ஆட்டம் முடிந்து களத்தின் நடுவே மிச்சிகன் வீரர்கள் கொடி நடப்போக, கைகலப்பு மூண்டு, காவலர்கள் மிளகுப்பொடித் தெளிப்பான் அடித்தார்கள். பயிற்சியாளரை மாற்று, குவார்ட்டர்பேக்கை மாற்று என்று குரல்கள் எழுந்தன.

இந்த முறை யாரும் மூட்டை கட்டவில்லை. அந்த ஆண்டுதான் தேசியப் பட்டத்துக்கான இறுதிச் சுற்றில் 4 அணிகளுக்குப் பதில் 12 அணிகளைச் சேர்த்திருந்தார்கள். இரண்டு தோல்விகளோடும் ஒஹாயோவுக்கு இடம் கிடைத்தது. அதே பயிற்சியாளர், அதே ஹோவர்டு, அதே ஃபீல்டிங். டென்னசி 42-17, ஒரிகான் 41-21, டெக்சஸ் 28-14. கடைசியில் 2025 ஜனவரி 20, நோட்டர் டேமுடன் இறுதிப்போட்டி. இடம், ரகிள்ஸின் உதை விலகிய அதே அட்லாண்டா அரங்கம்.

ஹோவர்டு முதல் 13 வீச்சையும் பிசகாமல் சேர்த்தார். ஆட்டம் நழுவும்போல் இருந்த நேரத்தில், பந்துபிடிப்பாளர் ஜெரமையா ஸ்மித்துக்கு 56 யார்டு தூரம் ஒரு பந்தை வீசினார். 26 விநாடிகள் இருக்கும்போது ஃபீல்டிங் உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போனது. 34-23. மிச்சிகனிடம் தோற்று 51 நாள்களில் ஒஹாயோ ஸ்டேட் தேசியச் சாம்பியன்!

மூன்று மாதம் கழித்து, தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தது. கோப்பையை வென்று தந்த வில் ஹோவர்டை ஆறாவது சுற்றில், 185-வது ஆளாக பிட்ஸ்பர்க் அணி எடுத்தது. பெரிய ஆட்டத்துக்கு ஆகாதவர் என்று ஊர் முடிவு கட்டிய கைல் மெக்கார்டை பிலடெல்பியா அணி எடுத்தது அதே ஆறாவது சுற்றில், 181-வது ஆளாக. ஹோவர்டுக்கு நான்கு இடம் முன்னால்.